முதல் நல்ல ஹெட்போன்: வாங்குவதும் கேட்டுப் பழகுவதும்

ஹெட்போன் பைத்தியம் பிடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் செலவு செய்கிறார்கள். முதலில் ஓர் இயர்போன், அடுத்து டாக் (டிஜிட்டல் கோப்பை மின் ஒலி அலையாக மாற்றும் கருவி), அதற்கடுத்து ஆம்ப் (அந்த அலையைப் பெருக்கும் கருவி), பிறகு பின்னல் போட்ட வெள்ளிக் கேபிள் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும். இவற்றில் எது ஒலியை எவ்வளவு மாற்றியது என்று கேட்டால் மட்டும் பதில் வராது. இந்த விளக்கம் அந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. காதில் சரியாகப் பொருத்துவது, ஒலியளவைச் சமன் செய்து ஒப்பிடுவது, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைக் கையாள்வது ஆகிய மூன்றுக்கும் அதிகம் காசு ஆகாது. ஒலியில் பெரிய மாற்றம் தருபவையும் இவையே. ஒரு போனும் 2,000 ரூபாயும் கையில் இருந்தால் தொடங்கிவிடலாம்.

படி 1: வீட்டைப் பார்த்து வகையை முடிவு செய்யுங்கள்

ஹெட்போன்களில் ஓப்பன் பேக், குளோஸ்டு பேக் என்று இரண்டு வகை உண்டு. காதுக்குள் செருகும் இயர்போனை ஆர்வலர்கள் ஐஇஎம் என்பார்கள். ஓப்பன் பேக் ஹெட்போனின் பின்புறம் திறந்திருக்கும். 1968-இல் சென்ஹைசர் வெளியிட்ட எச்டி 414 இந்த வகையின் முன்னோடி. 1997-இல் வந்த எச்டி 600 இன்றைக்கும் விற்பனையில் இருக்கிறது. இசை தலைக்குள் அடைபடாமல் வெளியே விரிந்து கேட்பதால் ஆர்வலர்கள் இதையே உச்சத்தில் வைக்கிறார்கள்.

ஆனால் தண்டையார்பேட்டையிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் இருப்பவருக்கு இது முதல் ஹெட்போனாகச் சரிப்படாது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரியின் உறுமல், பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, தலைக்கு மேலே சுழலும் மின்விசிறி எல்லாம் அந்தத் திறந்த பின்புறம் வழியாக உள்ளே வந்துவிடும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்கலாம் என்றால் மே மாதத்தில் அது நடக்கிற காரியம் இல்லை. குளோஸ்டு பேக் வெளிச் சத்தத்தை ஓரளவு தடுக்கும், ஆனால் அதன் செயற்கைத் தோல் பேட் அரை மணி நேரத்தில் காதை வியர்வையில் நனைத்துவிடும். எனவே நம் பக்கத்துத் தொடக்கக்காரருக்கு வயருள்ள ஐஇஎம்தான் என் பரிந்துரை. 2,000 ரூபாய்க்குள் கிடைக்கும் சீனத் தயாரிப்புகளே வியக்கும்படி இருக்கின்றன. ஒரே ஓர் எச்சரிக்கை: சிலிண்டர்காரர் வாசலில் நின்று கூப்பிட்டாலும் உங்களுக்குக் கேட்காது.

படி 2: வாங்கும்போது பார்க்க வேண்டியவை

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் உருவாக்கிய பர்மா பஜாரிலோ வேறு கடைத்தெருவிலோ வாங்குவதாக இருந்தால், “அண்ணே, போட்டுப் பாக்க டெமோ பீஸ் இருக்கா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள்; உங்கள் டிப்ஸைக் (காதுத் துளைக்குள் போகும் மென்மையான உறை) கையோடு எடுத்துச் சென்று மாட்டிக் கேளுங்கள். இணையத்தில் வாங்குவதானால் திருப்பி அனுப்பும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். கேபிள் கழற்றக்கூடியதாக இருப்பது முக்கியம், ஏனென்றால் முதலில் பழுதாவது கேபிள்தான். 0.78 மில்லிமீட்டர் இரண்டு பின் இணைப்பு எளிதாகக் கிடைக்கும்.

படி 3: காதில் பொருத்துங்கள்

“பேஸே இல்லை” என்று புலம்பும் புதியவர்களில் பலருக்கு இயர்போன் சரியாகத்தான் இருக்கும், காது அடைபட்டிருக்காது. காதுத் துளைக்கும் டிப்புக்கும் இடையே நூலளவு இடைவெளி இருந்தாலே பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகள் கசிந்து போய்விடும்.

கேபிளைக் காதின் மேல் வளைத்து, காது மடலை எதிர்க் கையால் மேலும் பின்னும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, இயர்போனை உள்ளே செருகிச் சற்றே திருப்பி, மடலை விடுங்கள். இப்போது டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றில் 50 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக வைத்து, இயர்போனை விரலால் லேசாக உள்நோக்கி அழுத்துங்கள். அழுத்தும்போது ஒலி சட்டென்று கனத்தால் டிப் சிறியது என்று பொருள்; அடுத்த அளவுக்குப் போங்கள். இரண்டு காதின் துளையும் ஒரே அளவில் இருக்கும் என்று எந்த விதியும் இல்லை என்பதால், இடது பக்கம் நடுத்தர டிப்பும் வலது பக்கம் பெரியதும் போட்டுக்கொள்பவர்கள் நிறையப் பேர். எவ்வளவு ஆழமாகச் செருகுகிறோம் என்பதும் ஒலியை மாற்றும்: காதுக் குழாயின் அதிர்வு உச்சம் பொதுவாக 8 கிலோஹெர்ட்ஸ் அருகே வரும், ஆழம் மாறினால் அது இடம் மாறும். “ஸ”, “ஷ” எழுத்துகள் காதைக் குத்தினால் இயர்போனைத் திட்டுவதற்கு முன் டிப்பை மாற்றிப் பாருங்கள்.

ஆர்வலர்கள் டிப் ரோலிங் என்று சொல்வது இதைத்தான். அகல வாய், குறுகிய வாய், ஃபோம், சிலிகான் என்று ஒரு மாத்திரை டப்பா நிறையச் சேர்த்து வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கிறுக்குத்தனமாகத் தெரியும், ஆனால் இந்தப் பொழுதுபோக்கின் ஆடம்பரங்களில் கொடுத்த காசுக்கு முழுப் பலன் தருவது இதுவே.

படி 4: பாட்டைச் சரிபாருங்கள்

ஸ்ட்ரீமிங் செயலியில் ஒலித்தரத்தை உயர்ந்த அளவில் வையுங்கள். குறுந்தகட்டின் தரம் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 1,411 கிலோபிட். நல்ல முறையில் சுருக்கிய 320 கிலோபிட் கோப்பை அதிலிருந்து பிரித்துச் சொல்வது மிகக் கடினம். அதைவிடப் பெரிய வேறுபாடு பதிப்பில் இருக்கிறது. எண்பதுகளின் திரைப்பாடல் ஒன்றைத் தேடினால் நாலைந்து பதிவேற்றங்கள் வரும். ஒன்றில் இரைச்சலை நீக்குகிறேன் என்று வயலின்களின் ஓரத்தையும் வழித்திருப்பார்கள், இன்னொன்றில் எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்கு உயர்த்தி மூச்சு முட்ட வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டு நல்லதைக் குறித்து வையுங்கள். மோசமான பதிப்பை எந்த ஹெட்போனும் காப்பாற்றாது.

படி 5: அசல் ஒலியைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள்

இயர்போனின் ஒலி இயல்பாக இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்ல, இயல்பான ஒலி எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இதில் வட சென்னைக்காரருக்குப் பெரிய வசதி உண்டு. ஆடியில் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது பம்பையும் உடுக்கையும் தெருவுக்கே வருகின்றன. திருவொற்றியூர் கோயிலுக்குப் போனால் தவிலும் நாகஸ்வரமும் கேட்கலாம். இறுதி ஊர்வலத்தில் பறை ஒலிக்கிறது. ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கும் தோல் கருவியின் முதல் அடியில் இருக்கும் “டண்” எவ்வளவு சீக்கிரம் எழுந்து எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கவனியுங்கள். பிறகு பதிவில் மிருதங்கத்தைக் கேளுங்கள்: வலந்தலையின் கணீர் ஒலியும் இடந்தலையின் கும்காரமும் தனித்தனியாக நின்றால் நல்லது, இடந்தலை மிதமிஞ்சி ஊதிப் பாடகரின் குரலை மூடினால் அந்த இயர்போனில் 200 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம் தடித்திருக்கிறது. கானாவுக்கும் இது பொருந்தும். தொண்டை கரகரத்து உயரும் இடத்தில் குரல் முன்னால் நிற்க வேண்டும். டோலக்குக்குப் பின்னால் போய்விட்டால் எனக்கு அந்த இயர்போன் வேண்டாம்.

படி 6: ஒலியளவைச் சமன் செய்து ஒப்பிடுங்கள்

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எதுவோ அதுவே தெளிவானதாகவும் கனமானதாகவும் தோன்றும். அது சத்தம் என்று மனத்துக்குத் தெரியாது, தரம் என்றுதான் தெரியும். “இந்த டாக் போட்டதும் திரை விலகியது போல இருந்தது” என்ற வகை அனுபவங்களில் பலவற்றுக்கு இதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டு டாங்கிள்களையோ (போனில் செருகும் சிறு டாக்) பெரிய டாக்குகளையோ ஒப்பிட மல்டிமீட்டர் வேண்டும். மலிவான மஞ்சள் மீட்டரில் ஏசி வோல்ட்டின் மிகக் குறைந்த அளவே 200 வோல்ட்டாக இருக்கும், அது உதவாது. 2 வோல்ட் ஏசி அளவு உள்ள மீட்டரைக் கேட்டு வாங்குங்கள், அல்லது தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் இரவல் வாங்குங்கள். டாங்கிளில் இருபுறமும் 3.5 மில்லிமீட்டர் முனை உள்ள ஆக்ஸ் கேபிளைச் செருகி, மறுமுனையின் நுனியில் ஒரு புரோபையும் அடி வளையத்தில் மற்றொன்றையும் வைத்து, 60 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த டாங்கிளிலும் அதே எண் வரும்வரை அளவை மாற்றுங்கள். போனின் ஒலியளவுப் படிகள் பெரியவை என்பதால் கடைசி நுணுக்கத்தை ஈக்வலைசரில் மொத்த ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பிரீஆம்ப் கொண்டு சரிசெய்ய வேண்டியிருக்கும். ஒன்று 0.500 வோல்ட் காட்டினால் மற்றது 0.494-க்கும் 0.506-க்கும் இடையில் நிற்க வேண்டும்; அப்போதுதான் வேறுபாடு ஏறத்தாழ 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கும். இப்படிச் சமன் செய்த பிறகு, எது ஓடுகிறது என்று தெரியாதபடி தம்பியையோ தங்கையையோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், அது வெறும் குருட்டு அதிர்ஷ்டமாக இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. கோப்புகளை ஒப்பிடுவதானால் கணினியில் ஃபூபார்2000 என்ற பாட்டுச் செயலியோடு சேர்த்துக்கொள்ளும் ஏபிஎக்ஸ் வசதி, எது ஓடுகிறது என்று மறைத்து வைத்து இதே வேலையைத் தனியாகவே செய்துவிடும்.

இரண்டு இயர்போன்களை இந்த அளவுக்குத் துல்லியமாகச் சமன் செய்ய முடியாது, ஏனென்றால் ஒவ்வொன்றின் பேஸும் டிரெபிளும் (உயர்ந்த ஒலிகள்) வேறு வேறு. குரல் மட்டும் தனித்து வரும் பல்லவித் தொடக்கத்தை எடுத்து, இரண்டிலும் குரல் ஒரே தூரத்தில் நிற்கும்படி வைத்துக்கொண்டால் போதும்.

ஒலியளவைப் பற்றிப் பேசும்போதே இதையும் சொல்ல வேண்டும்: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89 டெசிபெல்லில் கேட்டால் வாரத்துக்கு 5 மணி நேரம்தான். ரயில் இரைச்சலுக்கு மேலே பாட்டைத் தூக்கிக் கேட்பவர் இந்தக் கணக்கை எளிதாகத் தாண்டிவிடுவார்.

படி 7: ஈக்வலைசரைக் கையாளுங்கள்

ஈக்வலைசர் தொட்டால் தூய்மை கெட்டுவிடும் என்ற நம்பிக்கை பழைய ஆர்வலர்களிடம் இன்னும் இருக்கிறது. அவர்களே பேஸ் கூடுவதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கேபிள் வாங்குவார்கள். ஆண்ட்ராய்டில் வேவ்லெட், விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ இரண்டையும் இலவசமாகத் தொடங்கலாம். ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் 2013 முதல் வெளியிட்ட ஆய்வுகளில், பெரும்பாலான கேட்பவர்கள் எந்த வகை ஒலிச் சமநிலையை விரும்புகிறார்கள் என்று கண்டறிந்து ஓர் இலக்குக் கோட்டை வரைந்தார்கள். வேவ்லெட்டில் உங்கள் மாடலின் பெயரைத் தேர்ந்தெடுத்தால், அளந்து வைத்த தரவைக்கொண்டு அந்தக் கோட்டுக்கு அருகே ஒலியைக் கொண்டுவரும்.

அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் ஒன்றாக ஏற்றி இறக்கும் ஷெல்ஃப் ஒன்றை வைத்து இரண்டு டெசிபெல் ஏற்றி இறக்கிப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பேஸ் அளவு சீக்கிரமே தெரிந்துவிடும். எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவு பிரீஆம்ப்பைக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் உரத்த இடங்களில் ஒலி உடையும்.

படி 8: டாங்கிளும் ஆம்ப்பும்

ஐஇஎம்முக்குத் தனி ஆம்ப் தேவையில்லை. ஒரு வோல்ட் தரும் சிறிய டாங்கிள், 32 ஓம் இயர்போனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் கொடுக்கும். பெரும்பாலான ஐஇஎம்மில் அது காது தாங்காத சத்தம். அதே ஒரு வோல்ட், 300 ஓம் எச்டி 600-க்கு 3.3 மில்லிவாட்தான் தரும் என்பதால், பின்னாளில் அந்தப் பக்கம் போகிறவர்கள் ஆம்ப்பைப் பற்றி யோசிக்கலாம். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டுக் கேட்கும்போது “ங்ங்” என்ற ஓசை வந்தால், எதையும் வாங்குவதற்கு முன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள்; ஓசை நின்றால் குற்றம் கிரவுண்டிங்கில்தான், டாக்கில் இல்லை.

படி 9: உப்புக் காற்றிலிருந்து காப்பாற்றுங்கள்

காசிமேட்டிலோ ராயபுரத்திலோ கடலுக்கு அருகே இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கேட்டு முடித்ததும் டிப்பைக் கழற்றித் துடைத்து, ஈரம் காய்ந்த பின் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைந்தால், குழாய் முனையின் வலையில் காதழுக்கோ ஈரமோ அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். முனையைக் கீழ்நோக்கிப் பிடித்து மென்மையான பிரஷால் தட்டி எடுங்கள், தண்ணீர் கூடாது. பின்கள் கறுத்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். செயற்கைத் தோல் பேட் நம் ஈரக் காற்றில் உரிந்து கறுப்புச் செதில்களாகக் காதில் ஒட்டும். அதற்கு மாற்றாக வெல்வெட் பேட் கிடைக்கும், ஆனால் பேஸ் கொஞ்சம் குறையலாம்.

இதற்குப் பிறகு

இவ்வளவும் செய்த பின்னும் கை சும்மா இருக்காது. வெள்ளிக் கேபிள் வாங்கத் தோன்றும். அழகுக்காகவும் மடங்காத மென்மைக்காகவும் வாங்குங்கள், ஒலிக்காக வேண்டாம். பல டிரைவர் (ஒலி எழுப்பும் சிறு உறுப்பு) கொண்ட, ஓம் மிகக் குறைந்த சில ஐஇஎம்களில் மட்டும் கேபிளின் மின்தடை சமநிலையைச் சற்று அசைக்கும். 4.4 மில்லிமீட்டர் பேலன்ஸ்டு இணைப்பு கூடுதல் திறன் தருவதற்கானது. உங்கள் இயர்போனுக்கு அந்தத் திறன் வேண்டியதில்லை என்றால் அதுவும் அலங்காரமே. பர்ன் இன் என்று நூறு மணி நேரம் ஓடவிடச் சொல்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் பழகிக்கொள்வது பெரும்பாலும் கேட்பவரின் காதுதான்.

“எண்ட்கேம்” என்ற சொல்லையும் அடிக்கடி கேட்பீர்கள். இதற்கு மேல் வேண்டாம் என்று நிற்கும் கடைசி ஹெட்போன் அது. அதை வாங்கிவிட்டதாக அறிவித்தவர் ஆறே மாதத்தில் அடுத்ததைத் தேடுவது எங்கள் கூட்டத்தில் சகஜம். அதனால் முதல் நாளிலிருந்தே பெட்டி, பில், பயன்படுத்தாத டிப்ஸ் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். விற்கும்போது இரண்டு பக்கமும் சமமாக ஒலிப்பதை வாங்குபவர் முன்னிலையிலேயே டோன் ஓட்டிக் காட்டினால் பேரம் சீக்கிரம் முடியும். உங்கள் காதில் இருந்த பழைய டிப்ஸை மட்டும் குப்பையில் போட்டுவிட்டுக் கொடுங்கள்.