செயினுக்கு எண்ணெய் விட்டால் துடைக்கவும் வேண்டும்

சைக்கிள் செயினுக்கு இரவில் எண்ணெய் விடுங்கள், ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மட்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பழைய பருத்தித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, விரலில் எண்ணெய் ஒட்டாத அளவுக்குத் துடைத்துவிடுங்கள். தையல் மெசின் எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், அது போகப்போகப் பிசினாகிவிடும்.

எண்ணெய்க்கு வேலை இருப்பது உருளைக்கு உள்ளேதான். வெளியே வழியும் எண்ணெய் மட்டக்களப்பின் கல்லடி, காத்தான்குடிப் பக்கத்துக் கடற்கரை மணலைப் பிடித்து வைத்து, செயினையும் பற்சில்லையும் அரைத்துத் தள்ளும். துடைத்த பிறகும் மிச்சமிருக்கும் மெல்லிய படலம் உப்புக் காற்றில் கறள் பிடிப்பதைக் குறைக்கும். அப்புறம், சாரியிலோ காற்சட்டையிலோ கறுப்புக் கறையும் அவ்வளவாகப் படாது.

ஏற்கெனவே கறள் ஏறி இணைப்புகள் மடங்க மறுக்கும் செயினுக்கு இது உதவாது, மாற்றிவிடுவதே மலிவு. மார்கழி மழையில் வெள்ளத்துக்குள் ஓடிய சைக்கிள் என்றால் முதலில் மண்ணெண்ணெயால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிறகே எண்ணெய். முழுச் செயின் கவர் உள்ள சைக்கிளுக்கு அடிக்கடி எண்ணெய் விடத் தேவையில்லை. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதைத்தான் சொல்வேன்: மட்டக்களப்புச் சமதரைக்கு கியர் எதற்கு, கவரோடு ஒற்றைப் பற்சில்லுச் சைக்கிளே போதும், பார்க்கவும் அழகு.