மாசியில் டொரன்டோவில் இறங்குபவர்களுக்கு: வானிலை அறிக்கையும் வெப்பநிலைப் பதிவும்

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். சென்னையில் அந்த மாசிப்பனி விடியற்காலை மூடுபனியோடு சரி. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை மறைந்து சில விமானங்கள் தாமதமாகும். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள். பகல் 31, இரவு 22 என்று பிப்ரவரி முழுக்க ஒரே மாதிரி ஓடும். அங்கிருந்து புறப்பட்டு பிப்ரவரியிலோ மார்ச்சிலோ டொரன்டோவில் இறங்குபவருக்குக் குளிர்கூடப் பெரிய சிக்கலில்லை, ஜாக்கெட் வாங்கிவிடலாம். காலையில் பிளஸ் 6, மாலையில் மைனஸ் 9 என்று ஒரே நாளில் தலைகீழாக மாறும் ஊரில் போனில் தெரியும் ஒற்றை எண்ணை நம்பி வெளியே போவதுதான் சிக்கல்.

இதற்கு வேண்டிய பழக்கம் சென்னைக்காரர்களுக்கு ஏற்கெனவே உண்டு. கோடையில் 'இன்று எத்தனை டிகிரி' என்று கேட்டால் 'நுங்கம்பாக்கமா, மீனம்பாக்கமா' என்று திருப்பிக் கேட்பவர்கள் நாம். கடல்காற்று பதினோரு மணிக்கே உள்ளே வந்துவிட்டால் நுங்கம்பாக்கம் தப்பித்துக்கொள்ளும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் மீனம்பாக்கம் அதற்குள் இரண்டு டிகிரி கூடுதலாக ஏறியிருக்கும். டொரன்டோவிலும் கதை இதேதான். கடலுக்குப் பதில் ஒன்டாரியோ ஏரி, மீனம்பாக்கத்துக்குப் பதில் பியர்சன் விமான நிலையம், நுங்கம்பாக்கத்துக்குப் பதில் நகர மையத்தில் பல்கலைக்கழகப் பகுதியிலுள்ள நிலையம். காற்று இல்லாத தெளிந்த குளிர்கால இரவில் பியர்சன் நகர மையத்தைவிட மூன்று நான்கு டிகிரி கீழே போகும். மார்ச் கடைசியில் வெயில் நாளில் இது புரண்டுவிடும்: ஏரித் தண்ணீர் இன்னும் 2, 3 டிகிரியில் கிடப்பதால், பியர்சனில் 14 காட்டும்போது ஏரிக்கரையில் 6 இருக்கலாம். ஸ்கார்பரோவின் தென்கோடியில் ஏரியை ஒட்டி வீடு என்றால் ஒரு கணக்கு, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் என்றால் வேறு கணக்கு. ஆகவே ஆப்பில் முதல் வேலை, அது எந்த நிலையத்தின் அளவைக் காட்டுகிறது என்று பார்ப்பது.

ஆப் என்றால் கனடா அரசின் சுற்றுச்சூழல் துறை நடத்தும் வெதர்கேன் போதும். எச்சரிக்கைகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. மற்றவை அதை எடுத்து மறுபடி காட்டுபவை. போனோடு வரும் ஆப்பில் 14 நாள் வரிசை அழகாக இருக்கும். முதல் மூன்று நாள்களை நம்பலாம், ஐந்தாம் நாளைச் சாடையாகப் பார்க்கலாம், பத்தாம் நாளில் போட்டிருக்கும் 'பிளஸ் 11' ஜோசியத்துக்குச் சமம். இங்கே பிப்ரவரி 2-ஆம் தேதி வயார்ட்டன் வில்லி என்கிற கிரவுண்ட்ஹாக் (பெரிய அணில் இன விலங்கு) வளையிலிருந்து வந்து நிழலைப் பார்த்தால் இன்னும் ஆறு வாரம் குளிர் என்பார்கள். நம் பஞ்சாங்க மழைக்கு அண்ணன் அது. ரசிக்கலாம், டிக்கெட் போடக் கூடாது.

டிவியில் ஒரு பொறி உண்டு. டொரன்டோவில் எல்லைக்கு அப்பாலுள்ள பஃபலோ சேனல்களும் வரும், அவர்கள் ஃபாரன்ஹீட்டில் பேசுவார்கள். அங்கே '20' என்றால் நமக்கு மைனஸ் 7. 32 என்றால்தான் பூஜ்யம்.

பனி என்ற ஒரே சொல்

தமிழில் எல்லாமே பனி. அறிக்கையில் அது ஆறேழு தனித்தனிப் பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. மூடுபனி நமக்குத் தெரியும். உறைபனி என்பது தெளிந்த இரவில் புல்லிலும் கார் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படிவது. காலையில் சுரண்ட ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். ஃப்ளரீஸ் என்பது பஞ்சு மாதிரி விட்டுவிட்டு விழுவது, பெரும்பாலும் தங்காது. ஸ்னோ என்று சென்டிமீட்டரோடு சொன்னால்தான் மண்வாரி எடுக்க வேண்டும். தெற்கு ஒன்டாரியோவில் 12 மணி நேரத்தில் 15 செ.மீ. என்பது எச்சரிக்கை விடும் அளவு. ஸ்னோ ஸ்குவால் என்பது ஹியூரன் ஏரி, ஜார்ஜியன் விரிகுடா பக்கமிருந்து கயிறு மாதிரி ஒடுங்கிய பட்டையாக வருவது. டொரன்டோவுக்கு வடக்கேயுள்ள பேரி ஊரில் எதிரே வரும் கார் தெரியாது, அரை மணி ஓட்டம் தள்ளி வெயிலடிக்கும். வடக்கே போகும் நெடுஞ்சாலையில் பயணம் என்றால் நகர அறிக்கையைப் பார்த்துக் கிளம்பாதீர்கள், போகும் ஊரின் அறிக்கையைப் பாருங்கள்.

ஸ்னோவின் எடையும் மாசியில் மாறும். பொதுவாக 1 மி.மீ. தண்ணீர், 1 செ.மீ. ஸ்னோ என்பது கணக்கு. மைனஸ் 12-இல் விழுவது இதைவிட லேசாக, பொடியாக இருக்கும், துடைப்பத்தால்கூடத் தள்ளலாம். பூஜ்யத்தை ஒட்டி விழும் மார்ச் ஸ்னோ ஈரத்தோடு வரும், 15 செ.மீ. விழுந்தால் ஒரு சதுர மீட்டரில் 20 கிலோ வரை நிற்கும். மூன்று சதுர மீட்டர் வாசல் என்றால் 25 கிலோ அரிசி மூட்டை கிட்டத்தட்ட இரண்டரை. ஒரே மூச்சில் அள்ளினால் மறுநாள் இடுப்பு எழும்பாது. ஐந்து செ.மீ. சேரும்போதே ஒரு தடவை தள்ளிவிடுவது நல்லது.

இவற்றில் மிக மோசமானது உறைமழை. மேலே காற்று பூஜ்யத்துக்கு மேல், தரையை ஒட்டிய மெல்லிய அடுக்கு பூஜ்யத்துக்குக் கீழ். மேலே உருகி மழையாக வரும் துளி கீழே உறைய நேரமில்லாமல் வந்து, தொட்ட இடத்தில் கண்ணாடியாகப் பிடித்துக்கொள்ளும். வெப்பநிலை மைனஸ் 1 என்று சாதுவாகத்தான் காட்டும். புதிதாக வந்தவர் 'மைனஸ் 1-தானே' என்று கிளம்பிப் படிக்கட்டிலேயே விழுவது இதனால். 2013 டிசம்பர் 21, 22-இல் டொரன்டோவில் வந்த உறைமழையில் கிளைகள் முறிந்து மின்கம்பிகள் அறுந்து, சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரன்ட் போனது. அறிக்கையில் இந்தச் சொல் இருந்தால் போனையும் பவர் பேங்கையும் முதல் நாள் இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

எச்சரிக்கைகளுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் உண்டு. நம்மூர் ரெட் அலர்ட் பழக்கத்தில் மஞ்சளை அலட்சியம் செய்யத் தோன்றும். இங்கே மஞ்சள்தான் அடிக்கடி வருவது, பஸ் தாமதமாகவும் கால் வழுக்கவும் அதுவே போதும்.

ஒரு நாள் அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால்

மார்ச் தொடக்கத்தில் இப்படி ஓர் அறிக்கை வரும்:

'காலையில் மழை, பிற்பகலில் ஃப்ளரீஸ். மேற்குக் காற்று மணிக்கு 40 கி.மீ., திடீர் வீச்சு 60. அதிகபட்சம் பிளஸ் 5, பிற்பகலில் மைனஸ் 4-க்கு இறங்கும். பிற்பகலில் விண்ட் சில் மைனஸ் 13.'

போனின் சின்னப் பெட்டியில் இதில் '5' மட்டும்தான் தெரியும். சென்னையில் அதிகபட்சம் என்றால் மதியம் இரண்டு மணி. நம் மூளையில் அது அப்படியே பதிந்திருக்கிறது. இங்கே குளிர்முனை (குளிர்ந்த காற்றுத் திரளின் முன்விளிம்பு) கடக்கும் நாளில் அதிகபட்சம் காலை ஏழு மணிக்கே முடிந்திருக்கும், ஏன், நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னேகூட முடிந்திருக்கும். 'இறங்கும்' என்ற ஒரு சொல்லைத் தவறவிட்டால், காலையில் மெல்லிய கோட்டோடு போய் மாலை கென்னடி ஸ்டேஷனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நடுங்குவீர்கள். மழையில் நனைந்த நடைபாதை அதற்குள் பிளாக் ஐஸ் ஆகியிருக்கும். கறுப்பாக ஈரம் போலத் தெரியும், ஈரம் அல்ல. ஆகவே ஒற்றை எண்ணை விட்டு மணிவாரிப் பக்கத்தைத் திறந்து, கிளம்பும் மணியையும் திரும்பும் மணியையும் பாருங்கள். திரும்பும் மணிக்குத்தான் உடுத்த வேண்டும்.

விண்ட் சில் டிகிரி அல்ல, தோல் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதற்கான குறியீட்டு எண். அதனால்தான் கனடாவில் அதற்கு அலகு போடுவதில்லை. இப்போதுள்ள கணக்கு 2001-இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து கொண்டுவந்தது. காற்று மணிக்கு 30 கி.மீ. என்றால் பூஜ்யம் மைனஸ் 6 போல, மைனஸ் 5 மைனஸ் 13 போல, மைனஸ் 10 மைனஸ் 20 போல, மைனஸ் 20 மைனஸ் 33 போல இருக்கும். விண்ட் சில் மைனஸ் 28-ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். பஸ் ஸ்டாப் காத்திருப்பு அந்த அளவுக்குள் அடங்கிவிடும் என்பதை மறக்க வேண்டாம். காது, மூக்கு நுனி, விரல் நுனிதான் முதலில் போகும். தண்ணீரும் காரும் விண்ட் சில்லை உணராது. வெப்பநிலை பிளஸ் 2, விண்ட் சில் மைனஸ் 4 என்றால் குட்டை உறையாது, நமக்குத்தான் குளிரும்.

உப்பையும் அளவோடு நம்புங்கள். வாசலில் தூவும் சாதாரண ராக் சால்ட் மைனஸ் 10-ஐ நெருங்கும்போதே மந்தமாகிவிடும். அதற்குக் கீழே மணல்தான் பிடிப்புக் கொடுக்கும். பகலில் பிளஸ் 4, இரவில் மைனஸ் 6 என்று ஆடும் வாரங்களில் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பகலிலேயே பார்த்து, சாயங்காலம் அந்த இடத்தில் தூவிவிட வேண்டும்.

பதிவு என்றால் எந்தப் பதிவு

'டொரன்டோவில் புதிய சாதனைக் குளிர்' என்று தலைப்பு வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த நிலையம்? எந்த ஆண்டிலிருந்து? அந்தத் தேதிக்கான சாதனையா, மாதத்துக்கா, எல்லாக் காலத்துக்குமா?

சென்னையில் இது நமக்குத் தெரிந்த விஷயம். 1792-இல் வந்த மெட்ராஸ் வானாய்வுக்கூடத்தின் வழியாக நீண்ட பதிவு வரிசை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. 2003 மே 31-இன் 45 டிகிரி, 1905 ஜனவரி 29-இன் 13.9 டிகிரி எல்லாம் அதிலிருந்து வருபவை. டொரன்டோ நகர மையத்தின் பதிவு 1840-இல் தொடங்குகிறது. அங்கே 1859 ஜனவரி 10-இல் மைனஸ் 32.8. பியர்சன் பதிவு 1937-இல்தான் தொடங்குகிறது, அங்கே மிகக் குறைவு 1981 ஜனவரி 4-இன் மைனஸ் 31.3. இரண்டும் சரி, இரண்டு தனிப் புத்தகங்கள். குறுகிய புத்தகத்தில் தேதிவாரிச் சாதனை எளிதாக உடையும், அதனால் பியர்சன் சாதனைக்கு அலற வேண்டியதில்லை.

பழைய எண்களைத் தேட அரசின் காலநிலைத் தரவுப் பக்கம் இலவசம். இங்கே பலர் தடுமாறுவது பெயரில்: பியர்சன் தரவு 2013 வரை ஒரு பெயரிலும் அதன்பின் 'டொரன்டோ இன்டர்நேஷனல் ஏ' என்ற பெயரிலும் இருக்கும். நகர மையமும் அப்படியே, 'டொரன்டோ' என்பது பழையது, 2002-இல் தொடங்கிய 'டொரன்டோ சிட்டி' இப்போதையது. ஒரே பெயரில் தேடிவிட்டு 'தரவே இல்லை' என்று மூடிவிடாதீர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் 'எம்' இருந்தால் அளவு விடுபட்டது, 'ஈ' மதிப்பீடு, 'டி' அளக்க முடியாத சொற்பம். விடுபட்டதைப் பூஜ்யம் என்று எடுத்துச் சராசரி போட்டால் பிப்ரவரி திடீரென்று சூடாகிவிடும்.

மணிக் கணக்கிலும் கவனம் வேண்டும். நம் மழையளவு காலை 8.30-இலிருந்து 8.30 வரை என்பது போல, டொரன்டோவின் தினசரி அதிகபட்சம், குறைந்தபட்சம் நள்ளிரவு 1 மணிக்கு 1 மணி. மணிவாரி அட்டவணை ஆண்டு முழுக்க நிலையான நேரத்தில் இருக்கும். மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி முன்னே போனபின், அட்டவணையில் 6 என்றிருப்பது உங்கள் கடிகாரத்தில் 7.

அதே தினசரி அட்டவணையில் 'ஹீட் டிகிரி டே' என்று ஒரு பத்தி உண்டு, அதுதான் வீட்டுச் செலவுக்குப் பயன்படுவது. 18-லிருந்து அன்றைய சராசரியைக் கழித்தால் வருவது: சராசரி மைனஸ் 5 என்றால் 23. மாதக் கூட்டுத்தொகையை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டால், கேஸ் பில் ஏறியது குளிராலா, ஜன்னல் இடுக்கில் காற்று போவதாலா என்று தெரிந்துவிடும். வாடகை வீட்டில் ஹீட்டிங் உரிமையாளர் பொறுப்பு என்றால், குளிர் மாதங்களில் உள்ளே 21 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது டொரன்டோ விதி. புகார் சொல்லுமுன் தெர்மாமீட்டரை ஜன்னலிலிருந்து தள்ளி, அறை நடுவில் வைத்து, தேதியும் மணியும் குறித்துக்கொள்ளுங்கள். பால்கனியில் மாட்டியது எதற்கும் உதவாது. சுவர்ச் சூடும் வெயிலும் சேர்ந்து நாலைந்து டிகிரி பொய் சொல்லும்.

மார்ச் 20-ஐ ஒட்டி வசந்தம் பிறந்தது என்று செய்தியில் சொல்வார்கள். 2012 மார்ச்சில் 20 டிகிரியைத் தாண்டிய நாள்கள் வரிசையாக வந்தது உண்மை. ஆனால் ஏப்ரலில் ஸ்னோ விழுவது இங்கே அதிசயமே இல்லை. ஒரு தேதிக்கு எவ்வளவு இறங்கலாம் என்று அறிய, நகரப் பக்கத்தில் அன்றைய சராசரியும் உச்சங்களும் தரும் பகுதியைத் திறந்து குறைந்தபட்சச் சராசரியைப் பாருங்கள். அது பூஜ்யத்தைத் தாண்டி இரண்டு வாரம் ஆகும்வரை பூட்ஸை வாசலிலேயே விட்டுவையுங்கள், கார் கண்ணாடிக்கு மைனஸ் 40 என்று எழுதிய வாஷர் திரவத்தையும் மாற்ற வேண்டாம். கோடைத் திரவம் ஒரே இரவில் குழாயில் உறைந்துவிடும், காலையில் உப்புச் சேறு அப்பிய கண்ணாடியோடு நெடுஞ்சாலையில் நிற்க வேண்டிவரும்.