வங்கிக் கடனில் மூழ்கிய வீடுகளைப் பராமரிக்கும் தொழில்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் கடன் தவணை நின்றுபோன வீடுகளைப் பராமரிக்கும் தொழிலுக்கு வருபவர்கள் முதலில் கேட்பது வேனையும் புல்வெட்டும் இயந்திரத்தையும் பற்றித்தான். அவர்களைக் கவிழ்க்கும் தவறுகள் வேறு.

ஆளில்லாத வீடு என்று அவசரப்பட்டு முடிவுசெய்வது

வங்கிக்கும் நமக்கும் இடையிலுள்ள நிறுவனம் 'காலி வீடு, பூட்டை மாற்றவும்' என்று ஆணை அனுப்பியதுமே பலர் கதவைத் துளையிடத் தொடங்கிவிடுகிறார்கள். அண்மையில் என்னிடம் வேலை பழக வந்த இளைஞர், முழங்கால் உயரப் புல்லையும் நிரம்பி வழிந்த தபால் பெட்டியையும் பார்த்த உடனே துளையிடும் கருவியை எடுத்துவிட்டார். பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னேன். மின்மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, சமையலறை மேடையில் மருந்துப் புட்டிகள் வரிசையாக இருந்தன. வீட்டுக்காரர் மருத்துவமனையில் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார்.

தவணை தவறியதாலேயே வீடு வங்கியுடையதாகிவிடாது. உரிமை சட்டப்படி மாறும்வரை அது கடன் வாங்கியவரின் வீடுதான். ஏலத்துக்கு முன்பே கடன் கொடுத்தவர் உள்ளே நுழைந்து பூட்டை மாற்ற இடமளிக்கும் ஒப்பந்த விதி மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. குடியிருந்தவர்களைச் சட்டவிரோதமாக வெளியேற்றியதாக இல்லினாய் மாநில அரசு தொடுத்த வழக்கில், ஒரு பராமரிப்பு நிறுவனம் 2015இல் 10 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இத்தனைக்குப் பிறகும் 'ஆணையில் அப்படித்தான் இருந்தது' என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது, ஏனெனில் குப்பையாக வாரிக் கொட்டப்படுவது ஒருவருடைய குடும்பப் படங்களும் துணிமணிகளும். சிறு சந்தேகம் எழுந்தாலும் மீட்டரைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, பூட்டைத் தொடாமல் திரும்பிவிடுங்கள்.

படமெடுக்காமல் வேலையைத் தொடங்குவது

வேலைக்கு முன், வேலையின் நடுவில், முடிந்த பின் என மூன்று நிலைப் படங்களும் இல்லையென்றால் பணம் வராது.

குளிர்கால வேலையை அரைகுறையாக முடிப்பது

காலி வீட்டின் குழாய்களில் தண்ணீர் உறையாமலிருக்க, குழாயைத் திறந்து தண்ணீரை வடித்தால் மட்டும் போதாது. கம்ப்ரஸர் காற்றால் குழாய்களை ஊதிக் காலி செய்து, கழிப்பறையிலும் தொட்டிகளின் அடி வளைவுகளிலும் நச்சற்ற உறைதடுப்புத் திரவத்தை ஊற்ற வேண்டும். எங்கோ தேங்கிய தண்ணீர் உறைந்து குழாயைப் பிளந்தாலும், பனி உருகிய பிறகுதான் கசிவு தெரியும்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டுவது

1978க்கு முன் கட்டிய வீடென்றால் அதில் ஈயம் இருக்கலாம். கூட்டாட்சி அரசின் சான்றிதழ் பெறாமல் தொடாதீர்கள்.

கையிருப்பு இல்லாமல் இறங்குவது

வேலையாட்களுக்கு வாராவாரம் கூலி, குப்பைக் கிடங்கில் அன்றைக்கே கட்டணம். நமக்கு வர வேண்டிய பணமோ பெரும்பாலும் ஒரு மாதம் கழித்துத்தான் வரும்.