ஆப்பிரிக்காவுல தொலைதூரக் கோர்ஸ் ஆரம்பிக்கப் போறீங்களா? நான் பண்ண தப்பெல்லாம் இதுதான்

போன வாரம் நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் போன் பண்ணான். கிழக்கு ஆப்பிரிக்காவுல ஒரு யுனிவர்சிட்டில தொலைதூரக் கல்விப் பிரிவுல சேந்திருக்கான். "அண்ணே, புது கோர்ஸ் ஆரம்பிக்கறோம், பட்ஜெட் ஷீட் அனுப்புறேன், ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க"ன்னான். தெறந்து பாத்தா ஸ்டூடியோ, கேமரா, எல்எம்எஸ் (ஆன்லைன்ல பாடம் நடத்தற சாஃப்ட்வேர்), பாடம் எழுதறவங்களுக்குப் பணம், பிரின்ட்டிங், தொடக்க விழா டீ சமோசா வரைக்கும் வரி வரியா இருக்கு, அசைன்மென்ட் திருத்தறதுக்கு மட்டும் ஒரு வரி கூட இல்ல. பன்னெண்டு வருஷம் முன்னாடி அந்தப் பக்கம் ஒரு தொலைதூரக் கோர்ஸ் நடத்தப் போனப்ப நான் போட்ட ஷீட்டும் அச்சு அசலா இப்படித்தான் இருந்துச்சு.

கரண்ட் போகும், நெட் இழுக்கும், பேக்கப் எடுத்து வைங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அங்க போய் இறங்கின மொத வாரமே அது தானா புரிஞ்சிரும். தானா புரியாதது சிலது இருக்கு.

மணி பாக்கத் தெரியாம கிளாஸ் வைக்கறது

நான் கொஞ்சம் சுவாஹிலி (அங்கத்த பாஷை) கத்துக்கிட்ட திமிர்ல பண்ணது இது. மத்தியானம் 2 மணிக்கு ஆன்லைன் கிளாஸ், ஆளுக்கு ஒரு மெசேஜ் இங்கிலீஷ்ல போட்டிருந்தா வேலை முடிஞ்சிருக்கும், நான் பந்தாவா "சா ம்பிலி"ன்னு போட்டேன். ம்பிலின்னா ரெண்டு, அது வரைக்கும் சரிதான். ஆனா சுவாஹிலில மணிய சூரியன் உதிக்கற நேரத்துல இருந்து எண்ணுவாங்க, நம்ம தாத்தா காலத்துல நாழிகை எண்ணின மாதிரி. காலைல 7 மணிதான் அவங்களுக்கு ஒரு மணி, 8 மணி ரெண்டு மணி, நம்ம மத்தியானம் 2 மணி அவங்களுக்கு எட்டு மணி. பாவம், அத்தன பேரும் காலைல 8 மணிக்கு லாகின் பண்ணி "பண்டோ"வ (டேட்டா பேக்குக்கு அங்க அதான் பேரு) எரிச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் காத்துட்டு இருந்துட்டுப் போயிருக்காங்க. நான் மத்தியானம் தனியா உக்காந்து "இந்தப் பசங்களுக்குப் பொறுப்பே இல்ல"ன்னு திட்டிக்கிட்டு இருந்தேன். எத்தியோப்பியாவுலயும் இதே கணக்குதான், அங்க காலண்டரே வேற, வருஷத்துக்கு 13 மாசம். தேதி, மணி, காலையா மாலையா, எல்லாத்தையும் முழுசா எழுதுங்க.

பெரிய வீடியோ

வேணாம். உலக வங்கி 1997ல ஆப்பிரிக்க மெய்நிகர் பல்கலைக்கழகம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, வெளிநாட்டு லெக்சர சாட்டிலைட்ல அனுப்பிப் பாத்தாச்சு. அந்தப் பல்கலை 2002ல நைரோபிக்கே வந்து சேந்துச்சு, போகப் போக அந்த சாட்டிலைட் மாடலும் மாறிப் போச்சு. அச்சடிச்ச பாடம், பத்து நிமிஷ ஆடியோ, மெமரி கார்டு, இது போதும்.

அசைன்மென்ட் திரும்பிப் போகாதது

இதப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வரும்.

எங்க கோர்ஸ் ஓடி ஒரு வருஷம் கழிச்சு ஒரு வட்டார மையத்துக்குப் போயிருந்தேன், விக்டோரியா ஏரிக்கரை ஊர், தலைநகர்ல இருந்து ராத்திரி முழுக்க பஸ். ஸ்டாப்லர் தேடி அங்க ஒரு இரும்பு அலமாரியத் தெறந்தா உள்ள சணல் கயிறு போட்டுக் கட்டின பேப்பர் கட்டு நாலு கிடக்குது. எங்க கோர்ஸோட மொத அசைன்மென்ட். திருத்தி, மார்க் போட்டு, அனுப்பி இருக்காங்க, ஆனா அது வந்து சேந்தது பரிட்சை முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு, அதுக்கப்புறம் யாரு வந்து வாங்குவா. மேல இருந்த பேப்பர எடுத்தேன், பதினோரு பக்கம், ஸ்கேல் வச்சு மார்ஜின் போட்டு, நீல இங்க்ல அவ்ளோ அழகான கையெழுத்து. கடைசிப் பக்கத்துல செவப்புல 43ன்னு மார்க், அதுக்குக் கீழ ரெண்டே வார்த்தை, "ஸீ மீ".

ஸீ மீயாம்! திருத்தினவரு தலைநகர்ல, எழுதினவங்க ராத்திரி முழுக்க பஸ் ஏறி வரணும், அதுவும் தொலைதூரக் கல்வி. அந்த ஆளத் திட்டலாம்னு பாத்தா, அவருக்குத் திருத்தறது எப்படின்னு ஒரு வரி கூட நாங்க சொல்லித் தரல, பேப்பருக்கு இவ்ளோன்னு பேசின காசையும் எட்டு மாசம் குடுக்கல. கோஆர்டினேட்டர் யாருன்னு கேட்டா, நான்தான்.

அன்னிக்கு சாயங்காலமே அந்த பதினோரு பக்கத்துக்குச் சொந்தக்காரம்மா மையத்துக்கு வந்தாங்க, மறுபரிட்சைக்குப் பணம் கட்ட. பிரைமரி ஸ்கூல் டீச்சர், ரெண்டு பிள்ளைங்க, பகல் பூரா வேலை. பேப்பர அவங்க கைல குடுத்துட்டு கூடவே உக்காந்து பாத்தேன். கேள்வி "ரெண்டு முறையையும் ஒப்பிடுக"ன்னு இருக்கு, அவங்க ரெண்டையும் தனித்தனியா அருமையா விளக்கி இருக்காங்க, எங்கயும் ஒப்பிடல. ரெண்டாவது அசைன்மென்ட்லயும் அதே தப்பு, பரிட்சைலயும் அதே தப்பாதான் இருந்திருக்கும். "ம்வாலிமு, யாரும் ஒண்ணும் சொல்லலியே, அதான் சரின்னு நெனச்சுட்டேன்"னாங்க. ம்வாலிமுன்னா வாத்தியார். எனக்கு அந்த நிமிஷம் அந்தப் பட்டத்தக் கழட்டிக் குடுத்துரலாம் போல இருந்துச்சு.

ஏன் இது எல்லா எடத்துலயும் நடக்குதுன்னா கணக்குதான் காரணம். பாடம் எழுதறது ஒரு தடவ செலவு, 200 பேர் சேந்தாலும் 2000 பேர் சேந்தாலும் எழுதறவருக்கு அதே காசு. அதனால மேல இருக்கறவங்களுக்கு அட்மிஷன் ஏற ஏற சந்தோஷம், ஒரு ஆளுக்கு ஆகற செலவு கொறையுதேன்னு. திருத்தறது அப்படி இல்ல, ஆள் ரெண்டு மடங்கானா செலவும் ரெண்டு மடங்கு. 600 பேர், ஆளுக்கு ரெண்டு அசைன்மென்ட், 1200 பேப்பர், ஒண்ணுக்கு 20 நிமிஷம்னா 400 மணி நேரம். வேலைக்குப் போற ஒரு டியூட்டர் ராத்திரி ரெண்டு மணி நேரம் திருத்தினா 200 ராத்திரி ஆகும். ஒரு செமஸ்டர்ல அத்தன ராத்திரி எங்க இருக்கு? ஆறு பேராவது வேணும், நாங்க போட்டிருந்தது ஒருத்தர.

கிளாஸ்ல உக்காந்து படிக்கறவனுக்கு புரியலன்னா பக்கத்துல இருக்கறவன் மூஞ்சியப் பாத்தாவது தெரிஞ்சுக்குவான். தனியா படிக்கறவங்களுக்கு வாத்தியார்னு ஒருத்தர் இருக்காருன்னு தெரியற ஒரே எடம் அந்த மார்ஜின்ல எழுதற நாலு வரிதான். தென்னாப்பிரிக்காவுல யூனிசான்னு ஒரு பல்கலை, 1946லயே தபால்ல பாடம் நடத்த ஆரம்பிச்சாங்க, ஸ்டூடியோவா இருந்துச்சு அப்போ? ராபன் தீவு ஜெயில்ல இருந்தவங்களே அதுல படிச்சாங்க. மண்டேலா எல்எல்பி முடிச்சதும் யூனிசாலதான், 1989ல, கைதியா இருக்கும்போதே. கடுதாசி போகும், கடுதாசி வரும், அந்த "வரும்"தான் எங்ககிட்ட இல்ல.

அப்புறம் என்ன பண்ணோம்னா, மொத அசைன்மென்ட்ட மூணாவது வாரத்துலயே வச்சோம், ஒரே பக்கம். மூணு வாரத்துல திருப்பணும், மொத அசைன்மென்ட் திரும்பிப் போகாம ரெண்டாவது தெறக்கவே தெறக்காது. டியூட்டர் மூணே மூணு விஷயம் எழுதணும், எது சரி, எது தப்பு, அடுத்த தடவ என்ன செய்யணும், எழுத அலுப்பா இருந்தா ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட்டு. பேப்பர் கட்டு பஸ்ல வர்ற வரைக்கும் காத்திருக்காம போட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பிரணும். டியூட்டர் காசு அந்தந்த மாசமே மொபைல்ல போயிரும், இதுக்கு அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனோட நான் போட்ட சண்டை தனிக்கதை. இதுக்கெல்லாம் பணம் எங்க இருந்து வந்துச்சுன்னா, ஸ்டூடியோவக் கைவிட்டோம்.

வாட்ஸப் குரூப்

நீங்க ஆரம்பிக்காதீங்க. அவங்களே ஒண்ணு வச்சிருப்பாங்க.

எல்லாரையும் இருபது வயசுப் பிள்ளையா நினைக்கறது

நைஜீரியாவுல முன்னாள் ஜனாதிபதி ஒபாசாஞ்சோ அங்கத்த தேசிய திறந்தநிலைப் பல்கலைல இறையியல் படிச்சு 2018ல பிஎச்டி வாங்கினாரு, எண்பது வயசுல. "டியர் கிட்ஸ்"னு மெசேஜ் போடறத நிறுத்துங்க.

கவுன்சில கேக்காம டிகிரி ஆரம்பிக்கறது

அதே நைஜீரியப் பல்கலைதான். 1983ல ஆரம்பிச்சாங்க, அடுத்த வருஷமே புஹாரியோட ராணுவ ஆட்சில மூடினாங்க, 2001ல ஒபாசாஞ்சோ வந்து மறுபடி தெறந்தாரு. அப்புறம் சட்டப் படிப்பு நடத்தினாங்க, முடிச்ச பிள்ளைங்களால லா ஸ்கூல்ல (டிகிரிக்கு அப்புறம் வக்கீல் பயிற்சி தர்ற எடம்) சேர முடியல, ஏன்னா பல்கலைய நிறுவின சட்டத்துலயே "தபால் வழி"ங்கற வார்த்தை இருந்துச்சு. அங்க லா ஸ்கூல் போகாம வக்கீலாக முடியாது. பல வருஷம் இழுத்து, 2018 கடைசிலதான் அந்த சட்டத்தத் திருத்தினாங்க. கையெழுத்து போட்ட ஜனாதிபதி யாருன்னா, 1984ல மூடின அதே புஹாரி! நர்சிங், சட்டம், டீச்சர் டிரெயினிங், எதுவா இருந்தாலும் அந்தப் படிப்ப அங்கீகரிக்கற கவுன்சில்ல இருந்து ஒப்புதல எழுத்துல வாங்காம ஒரு அட்மிஷன் கூடப் போடாதீங்க, வாய்ல "பிரச்சன இல்ல"ன்னு சொன்னா அது பதில் இல்ல.

ரெண்டு மணி நேர ஆன்லைன் குயிஸ்

2021 ஜனவரில தேர்தல்னு உகாண்டாவுல நாடு முழுக்க நெட்ட நிறுத்தினாங்க. 2024 மே மாசம் கடலுக்கடில கேபிள் ரெண்டு அறுந்து கிழக்கு ஆப்பிரிக்காவே தள்ளாடுச்சு. குயிஸ்ஸ ஒரு வாரம் தெறந்து வைங்க.

அந்தப் பையன்கிட்ட இதையே போன்ல முக்கா மணி நேரம் சொன்னேன். நேத்து புது ஷீட் அனுப்பியிருக்கான். திருத்தறதுக்குன்னு ஒரு வரி சேத்திருக்கான், தொகை போடற கட்டம் காலியா இருக்கு, பக்கத்துல "அண்ணே, டீனோட பேசிட்டுச் சொல்றேன்"னு ஒரு குறிப்பு. சமோசா அப்படியேதான் இருக்கு.