முழங்கால் மாற்று பிளானிங்கில் தொடை எலும்பை மறக்காதீர்கள்

பிளானிங் பழகும் இளம் மருத்துவர்கள் முழங்காலைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத்தான் பார்க்கிறார்கள். இம்பிளான்ட் (செயற்கை மூட்டு) அளவு ஒரு எண் கூடவோ குறையவோ வந்தால் அறுவை மேசையிலேயே திருத்திக்கொள்ளலாம். தொடை எலும்பின் வளைவும் அடர்த்தியும் அப்படியல்ல.

எல்லோருக்கும் 5 டிகிரி

தொடை எலும்புக் குழலின் கோட்டுக்கும், இடுப்புப் பந்தின் மையத்திலிருந்து முழங்கால் மையத்துக்கு வரும் கோட்டுக்கும் இடையிலுள்ள கோணம் பெரும்பாலோருக்கு 5 முதல் 7 டிகிரி. அதனால்தான் ஜிக்கை (எலும்பை வெட்டும் கோணத்தைப் பிடிக்கும் கருவி) 5-லோ 6-லோ பூட்டிவிடும் பழக்கம். ஆனால் தொடை எலும்பு வெளிப்பக்கமாக வில்போல் வளைந்திருந்தால் இது 9, 10 என்று ஏறிவிடும். ஆசியப் பெண்களிடம், அதிலும் வயதாகி எலும்பு மெலிந்தவர்களிடம், இந்த வளைவு அபூர்வமே இல்லை.

கோணம் 9, ஜிக் 5 என்று வையுங்கள். பிழை 4 டிகிரி. இரு கான்டைல்களின் (தொடை எலும்பின் கீழ்முனைக் குமிழ்கள்) மையங்களுக்கு நடுவே 50 மி.மீ. என்றால், உள்பக்கம் சுமார் 3.5 மி.மீ. எலும்பு வெட்டப்படாமல் நிற்கும். வெட்டிய இடைவெளியில் ஸ்பேசர் (அளவுக் கட்டை) வைத்துக் காலை நீட்டினால் உள்பக்கம் இறுகும். உடனே பழி லிகமென்ட்டின் (மூட்டை இணைக்கும் நார்) மேல் விழுகிறது. உள்பக்கத்தை விடுவித்துக்கொண்டே போகிறார்கள். இறுக்கம் போய்விடும். கால் வேரஸிலேயே (முழங்கால் வெளிப்பக்கம் வளைந்தபடி) நிற்கும், மடக்கினால் உள்பக்கம் தளரும். எலும்பை வெட்டியதில் வந்த பிழைக்கு நல்ல லிகமென்ட்டைப் பலி கொடுப்பதை எத்தனை முறை பார்த்தாலும் கோபம்தான் வருகிறது.

இடுப்பு முதல் கணுக்கால் வரை, நின்றபடி எடுத்த முழுநீள எக்ஸ்ரே இல்லாமல் கோணம் சொல்லாதீர்கள். குழல் கோட்டையும் ஜிக்கின் ராடு (குழலுக்குள் செருகும் கம்பி) உள்ளே போகும் நீளத்துக்கு மட்டும் போடுங்கள். மேல்முனையிலிருந்து போட்டால் வளைவு கரைந்து கோணம் குறைவாகத் தெரியும். குழல் அகன்றிருந்தால் ராடு உள்ளே ஆடும்; அளந்த கோணமும் கையில் நிற்காது. வளைவு மிகுந்தால் ராடை விட்டு நேவிகேஷனுக்கு (கணினி வழிகாட்டும் முறை) போங்கள்.

திரும்பிய படம்

பட்டெல்லா (முழங்கால் சில்லு) நேரே பார்க்காத படத்தில், முன்வளைவுகூடப் பக்கவளைவாகத் தெரியும். மறுபடி எடுங்கள்.

முன்வளைவு

நேவிகேஷனிலும் ஒரு பள்ளம் உண்டு. முன்வளைவு அதிகமுள்ள எலும்பில், பக்கவாட்டுப் பார்வையிலும் இடுப்பு மையக் கோட்டுக்குச் செங்குத்தாக வெட்டினால், இம்பிளான்ட்டின் முன்விளிம்பு கார்ட்டெக்ஸில் (எலும்பின் கெட்டியான வெளிச்சுவர்) நாட்ச் (வெட்டுத்தடம்) போட்டுவிடும். எலும்பு மெலிந்தவருக்கு முழங்காலுக்குச் சற்று மேலே முறிவு வர அந்த நாட்சே வழிவிடும். பக்கவாட்டுப் படத்தைப் பார்த்து, இம்பிளான்ட்டுக்கு 2, 3 டிகிரி ஃபிளெக்ஷன் (மடங்கும் திசைச் சாய்வு) கொடுங்கள்.

முதுகெலும்பின் டி-ஸ்கோரை (எலும்பு அடர்த்தி எண்) மட்டும் நம்புவது

தேய்மானத்தில் வளர்ந்த எலும்பு முட்கள் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் முதுகை அடர்த்தியாகக் காட்டும். இடுப்பின் டி-ஸ்கோரையும் பாருங்கள், -2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆஸ்டியோபொரோசிஸ். வேரஸ் முழங்காலில் உள்பக்க எலும்பு கல்லாக இறுகியும் வெளிப்பக்கம் மெத்தென்றும் இருக்கும். இறுகிய இடத்தில் ரம்பம் மேலேறி நழுவும்; வெட்டியபின் தளத்தைச் சரிபாருங்கள். சிறிய, மெலிந்த எலும்பில் கான்டைல்களுக்கு நடுவே பாக்ஸ் (சதுரக் குழி) வெட்டியபின் இம்பிளான்ட்டை ஓங்கி அடித்தால் உள்பக்க கான்டைல் பிளந்துவிடும்.

பிஸ்பாஸ்போனேட்

எலும்பு மெலிவுக்கான இந்த மருந்தைப் பல ஆண்டு எடுத்தவரா, தொடையில் வலி உண்டா என்று கேளுங்கள். தொடை எலும்பின் வெளிப்பக்கக் கார்ட்டெக்ஸில் சிறு தடிப்பு தெரிந்தால், அது முறிவின் தொடக்கமாக இருக்கலாம்; முழங்கால் அறுவையைத் தள்ளிவைத்து, முதலில் தொடை எலும்பைக் கவனியுங்கள்.