முதலாம் சொபூசாவைப் பற்றி எழுதுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆப்பிரிக்காவின் தென்கோடி வரலாறு என்றாலே ஜூலு மன்னர் ஷாகாவில் தொடங்கி ஷாகாவிலேயே முடிக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது. இன்றைய எஸ்வாத்தினிக்கு (பழைய பெயர் ஸ்வாசிலாந்து) அடித்தளம் போட்ட முதலாம் சொபூசா, அதாவது ஸ்வாசி மக்கள் சோம்லோலோ என்று கொண்டாடும் மன்னர், 'ஷாகாவுக்குப் பயந்து வடக்கே ஓடியவர்' என்று ஒரே வரியில் முடிந்துபோவது அதனால்தான். இருக்கிற தவறுகளிலேயே பெரியது இது. அவரை இடம்பெயர வைத்தது ஷாகா இல்லை, என்ட்வான்ட்வே மக்களின் தலைவர் ஸ்விடே. சொபூசா 1815 வாக்கில் பட்டத்துக்கு வந்தார்; பொங்கோலா ஆற்றங்கரை விளைநிலம் யாருக்கு என்று கிளம்பிய தகராறில் ஸ்விடேயின் படை அவருடைய ஊரைக் கொளுத்த, சனத்தைக் கூட்டிக்கொண்டு வடக்கே நகர்ந்து, கடைசியில் எசுல்வினி பள்ளத்தாக்குப் பக்கம் நிலைகொண்டார்.

அப்புறம், அவர் போய்ச் சேர்ந்தது ஆளில்லாத பூமி என்று எழுதிவிடாதீர்கள். மகாகுலா போன்ற குலங்கள் அங்கே முன்பே வாழ்ந்தன. எதிர்த்தவர்களோடு போர் நடந்தது. பணிந்தவர்கள் தங்கள் தலைவர்களையும் ஊரையும் பெரும்பாலும் வைத்துக்கொண்டார்கள். அப்படி முன்பே இருந்த குலங்களை எமகாண்ட்சாம்பிலி என்று ஸ்வாசிகள் இன்றும் தனித்துச் சொல்கிறார்கள்.

அவருடைய திருமண உறவுகளை வீட்டு விஷயம் என்று தாண்டிப் போவதும் தவறு. தன்னை விரட்டிய ஸ்விடேயின் மகள் தண்டிலேயையே அவர் மணந்தார். ஸ்வாசிகளிடம் மூத்த மகன் என்பதற்காகப் பட்டம் கிடைக்காது, தாயின் தகுதிதான் கணக்கு. அப்படித்தான் தண்டிலேயின் மகன் முஸ்வாத்தி அரசரானார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் அரசைத் தாங்கிப் பிடித்து, வயதுவாரியான படைப்பிரிவுகளை வலுப்படுத்தியவர் தண்டிலே. ஷாகாவுக்கும் சொபூசா தன் மகள்களை அனுப்பினார். கர்ப்பமானதும் ஷாகா அவர்களைக் கொன்றுவிட்டார் என்கிறது வாய்மொழி மரபு. அதற்குப் பிறகும் சொபூசா போருக்குக் கிளம்பவில்லை. கோழைத்தனமாகவா தெரிகிறது? படை பலம் எவ்வளவு என்று சரியாகத் தெரிந்தவர், வயிறெரிந்தாலும் மக்களைப் பலி கொடுக்க மறுத்தவர் என்றுதான் நான் பார்க்கிறேன்.

1838இல் டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளான போயர்களிடம் தோற்ற ஜூலு மன்னர் திங்கானே, மறு ஆண்டு ஸ்வாசி நிலத்தைப் பிடிக்கப் பார்த்தபோது, லுபுயாவில் ஸ்வாசிப் படை அதை முறியடித்தது. சொபூசாவின் மறைவைச் சிலர் 1836 என்றும் சிலர் 1839 என்றும் குறிப்பதால், அவரே முன்னின்று நடத்திய போர் என்று அடித்து எழுத வேண்டாம்.

புத்தகத்தையும் வட்டமான காசையும் ஏந்தி வெள்ளையர்கள் வருவதாக அவர் கண்ட கனவும் அப்படித்தான். புத்தகத்தை ஏற்றுக்கொள், காசிடம் எச்சரிக்கையாக இரு, அவர்கள் ரத்தத்தைச் சிந்தாதே என்பது அதன் செய்தி. இது வாய்மொழியாக வந்தது, பக்கத்திலிருந்து யாரும் குறித்து வைத்ததில்லை; மெதடிஸ்ட் பாதிரிமார் ஸ்வாசி நிலத்து மகாம்பாவுக்கு வந்ததே 1844இல், முஸ்வாத்தி காலத்தில். அதற்காகக் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் கூடாது, பின்வந்த மன்னர்கள் வெள்ளையரோடு பேசும்போதெல்லாம் இந்தக் கனவு கூடவே நின்றது.

மற்றபடி, 1968இல் சுதந்திரம் வந்தபோது அரியணையில் இருந்தவர் இரண்டாம் சொபூசா, முதலாம் சொபூசாவின் கொள்ளுப்பேரனின் மகன். படம் போடும்போது பார்த்துப் போடுங்கள். வரைபடமும் அப்படியே, இன்றைய எல்லைக்கோடுகள் பெரும்பாலும் 1880களின் ஒப்பந்தங்களில் வந்தவை, அதற்குள் சொபூசாவின் அரசை அடைக்காதீர்கள்.