சனிக்கிழமைக்கு ஒரு தாள்

கோவை கணபதியில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் 11 பேர். நாலு லேத், இரண்டு சிஎன்சி, ஒரு மில்லிங், எல்லாம் உலோகத்தைக் கடைந்து பார்ட்ஸ் செய்யும் மெஷின்கள். சனிக்கிழமை மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் ஆளுக்கு ஒரு தாள் கொடுப்பேன்: தலைமைப் பண்பு, சமூகப் பிரச்சினை என்று ஏதாவது ஒரு கட்டுரை. ஏ4 தாளில் முன்னும் பின்னும் ஜெராக்ஸ். படித்துவிட்டு அரை மணி நேரம் பேசுவோம். ஆறு வருடமாக நடக்கிறது. போன மாதம் மச்சினன் மகன், "எங்க ஆபீஸ்லயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும், எப்படி மாமா?" என்று கேட்டான். அவனிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதல் வருடமே எனக்கு ஒரு அடி விழுந்தது, அதிலிருந்தே தொடங்கலாம். நம் தேசிய கீதம்தான் உலகிலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்துவிட்டதாக போனில் ஒரு செய்தி வந்தது. பெருமை தாங்காமல் அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். சேர்ந்து இரண்டு மாதமே ஆன அப்ரண்டிஸ் பையன் டீ டம்ளரோடு வந்து, "அண்ணா, இது பொய்ங்ணா. அப்படி எதுவும் அறிவிக்கலைன்னு யுனெஸ்கோவே எப்பவோ மறுத்துட்டாங்க" என்றான். யாராவது சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் எனக்காகத் தரையைப் பார்த்தார்கள்.

அடுத்த சனிக்கிழமைத் தாளின் முதல் வரி: "போன வாரம் நான் கொடுத்தது பொய்ச் செய்தி." அன்றிலிருந்து எந்தத் தாளும் வியாழக்கிழமை அந்தப் பையன் கைக்குப் போய்விட்டுத்தான் ஜெராக்ஸ் கடைக்குப் போகும். உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் வேண்டும், வயதில் சின்னவராக இருந்தால் நல்லது. அவன் பார்ப்பது மூன்றே விஷயம்: யார் எழுதியது, எந்தத் தேதி, அதில் வரும் சட்டமோ தீர்ப்போ உண்மையில் இருக்கிறதா. தேதி இல்லாத கட்டுரையைப் படிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவான்.

சரி, எதைக் கொடுப்பது? தலைமைப் பண்பு என்று தேடினால் காலை ஐந்து மணிக்கு எழுந்திரு, குளிர்ந்த நீரில் குளி என்றுதான் வண்டி வண்டியாக வருகிறது. எங்கள் ஆட்களில் பாதிப் பேர் நாலரைக்கே எழுகிறவர்கள். அவர்களுக்கு இது எதற்கு? நான் தேடுவது, ஒருத்தர் ஒரு நாள் எடுத்த ஒரு முடிவை. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய எஸ்எல்வி-3 ராக்கெட் சில நிமிடங்களில் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னவரோ இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டதும், இப்போது நீங்கள் போய்ப் பேசுங்கள் என்று கலாமை அனுப்பிவிட்டார். கலாமே பல மேடைகளில் சொன்ன கதை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதையின் வாலில் தொங்கும் உபதேசத்தை வெட்டிவிட்டு, ராக்கெட் ஏன் விழுந்தது என்பதைச் சேர்த்தேன். இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் அமிலம் கசிந்துவிட்டது.

வால்வு என்றதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. நாங்கள் வால்வுக்கும் பார்ட்ஸ் செய்கிறவர்கள். "ஒரு பிசிறு போதுங்ணா" என்றார் லேத்தில் 22 வருடம் நின்றவர். பிசிறு என்றால் கடைந்த விளிம்பில் ஒட்டி நிற்கும் உலோகத் துணுக்கு. தவானைப் பற்றி ஐந்து நிமிடம், பிசிறைப் பற்றி இருபது நிமிடம் பேசினார்கள். பேச்சு திசை மாறுகிறதே என்று கடிவாளம் போடாதீர்கள்.

தாளின் அடியில் ஒரே ஒரு கேள்வி இருக்கவேண்டும். "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நம் வேலையிலேயே பதில் இருக்கும் கேள்வியாகக் கேளுங்கள். அன்று நான் போட்டது: "நாம் செய்த ஜாப் (பார்ட்ஸ்) ரிஜெக்ட் ஆனால் கஸ்டமர் போனை யார் எடுக்கிறார்கள்?" முதலாளியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். இரண்டு மாதம் கழித்து துளையின் அளவு தப்பி 40 பீஸ் திரும்பி வந்தபோது அவரே போனை வாங்கிப் பேசினார். தாளால்தானா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அன்று அவர் மகளுக்குச் சீட் கிடைத்த நாள் வேறு.

சமூகப் பிரச்சினைகளைக் கொடுப்பதுதான் கத்தி மேல் நடப்பது. பாதாளச் சாக்கடைக்குள் ஆள் இறங்குவதைப் பற்றி ஒரு தாள் போட்டேன். மனிதரை வைத்து மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. கூடவே, கேரளத்து இளைஞர்கள் செய்து 2018இல் திருவனந்தபுரத்தில் இறக்கிய பேண்டிகூட் என்ற இயந்திரம்: ஆளுக்குப் பதிலாக அதன் கைகளே குழிக்குள் போய் அடைப்பை எடுக்கும். சட்டமும் இயந்திரமும் ஒரே தாளில் வந்ததால், "பாவம்" என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சு முடியவில்லை. இயந்திரம் இருந்தும் ஆள் ஏன் இறங்குகிறார் என்ற இடத்துக்குப் போனது.

ஆனால் அந்தத் தாளைக் கொடுக்கும் முன் ஒரு வேலை செய்தேன். எங்களில் ஒருவரின் சித்தப்பா அந்த வேலையில் இருந்தவர். எங்கள் ஆள் அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமையே அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தார். "கொடுங்கண்ணா. ஆனா நான் பேச மாட்டேன்" என்றார். பேசவில்லை. போகும்போது மட்டும் இன்னும் இரண்டு பிரதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். படிப்பவர்களில் யாருக்கு அது வெறும் செய்தி, யாருக்கு வீட்டு விஷயம் என்று தெரியாமல் கொடுக்கவே கூடாது.

மற்றபடி சில்லறை விஷயங்கள். எழுத்து 14 சைஸ், வெள்ளெழுத்துக் கண்கள் இருக்கின்றன. கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தால் பத்து வரியில் உங்கள் சொந்தத் தமிழில் எழுதி, இது என் சுருக்கம் என்று போட்டுவிடுங்கள். வாரம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். "படிச்சியா?" என்று மட்டும் யாரையும் கேட்காதீர்கள், அப்புறம் உங்களைக் கண்டாலே ஒதுங்குவார்கள்.

முதல் பத்தியைச் சத்தமாக யாராவது படிக்கவேண்டும். வாசிக்கச் சிரமப்படுகிறவர் யார் என்பது அதில் வெளியே தெரியாமல் போய்விடும். கேரளத்துக் கண்ணூர் பீடித் தொழிலாளிகள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் பேப்பர் படிக்க மற்றவர்கள் கேட்டுக்கொண்டே பீடி சுற்றுவார்கள், படித்தவருக்குக் குறைந்த பீடியை மற்றவர்கள் சுற்றி ஈடுகட்டுவார்கள். எங்கள் மெஷின் சத்தத்தில் அது நடக்காது, அதனால்தான் சாப்பாட்டு நேரம்.

இந்த வாரம் வாசலில் முகம் பார்த்து வருகைப் பதியும் மெஷின் வைத்திருக்கிறார்கள். 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றித் தாள் தயார். கேள்வியும் எழுதிவிட்டேன்: "நம் முகம் எங்கே சேமிக்கப்படுகிறது?" இதை முதலாளியிடம் முன்கூட்டியே காட்டலாமா என்று அன்றைக்கு அப்ரண்டிஸாக இருந்த அந்தப் பையனிடம் கேட்டேன். "சித்தப்பா விஷயத்துல காட்டுனீங்கல்ல?" என்றான். வியாழக்கிழமை வரை நேரம் இருக்கிறது.